காற்றுக்கு அஞ்சாத கம்பி

எங்கள் பட்டறையில் இரும்பை அளந்து வெட்டி, சரியான கோணத்தில் நிறுத்துவது என் வீட்டுக்காரர். பற்ற வைப்பது நான். முதல் தடவை கேட்கிறவர்கள் நான் மாற்றிச் சொல்லிவிட்டதாக நினைப்பார்கள். கேட் செய்யக் கேட்டு வருகிறவர்கள்கூட அவரைப் பார்த்துத்தான், "வெல்டிங் நல்லா ஸ்ட்ராங்கா இருக்கணும்ங்க" என்பார்கள். அவர் என் பக்கம் கையைக் காட்டி, "அத அங்க சொல்லுங்க" என்பார்.

ஐ.டி.ஐ.யில் நான் கேட்டது தையல். இடம் கிடைத்தது வெல்டிங் பிரிவில். சரி, ஒரு மாதம் போய்ப் பார்ப்போம் என்று போனவள் அந்த வெளிச்சத்தில் மாட்டிக்கொண்டேன். கறுப்புக் கண்ணாடி வழியாகப் பார்த்தால் உலகமே இருட்டாகி, நடுவில் ஒரு சொட்டு இரும்பு மட்டும் தண்ணீர் மாதிரி தளும்பிக்கொண்டிருக்கும். அந்தச் சொட்டை நாம் சொல்கிற வழியில் நடக்க வைக்க வேண்டும். வேறு எந்த வேலையும் எனக்கு இப்படிப் பிடித்ததில்லை.

பெண் பார்க்க வந்த அன்றைக்கு, எல்லோரும் காபி குடித்துக்கொண்டிருக்கும்போது, மாப்பிள்ளையாக வந்தவர் என்னிடம் ஒரே ஒரு கேள்விதான் கேட்டார்.

"ஓவர்ஹெட் போடுவீங்களா?"

தலைக்கு மேலே இருக்கிற இரும்பைக் கீழே நின்றுகொண்டு அண்ணாந்து பற்ற வைப்பதற்கு அந்தப் பெயர். நெருப்பு நம் மேலேயே கொட்டும். "போடுவேன்" என்றேன். அவர் அத்தை, "என்னடா கேக்குற, என்னம்மா சொல்ற?" என்று இரண்டு பேரையும் மாறி மாறிப் பார்த்தார். நாங்கள் இரண்டு பேரும் சிரித்துவிட்டோம். அவர் ஃபிட்டர். சென்னையில் ஒரு கம்பெனியில் வேலை பார்த்துக்கொண்டு, ஊரிலேயே பட்டறை போட வேண்டும் என்று ஆசைப்பட்டுக்கொண்டிருந்தார். கல்யாணத்துக்குப் பிறகு செராமிக் தொழிற்பேட்டைக்குப் போகிற சாலையில் ஒரு கொட்டகை போட்டு ஆரம்பித்தோம்.

செராமிக் கம்பெனிகளுக்கு இரும்பு வேலை ஓயாது. சுடாத பச்சைப் பொம்மைகளைக் காய வைக்க அடுக்கு, அச்சு வைக்க மேசை, சூளைக்குள் தள்ளுகிற தள்ளுவண்டி என்று ஏதாவது வந்துகொண்டே இருக்கும். அதையெல்லாம் பட்டறைக்குள் வைத்தே செய்துவிடலாம். உள்ளே எங்களிடம் சிலிண்டர் கேஸில் ஓடுகிற மிஷின் ஒன்று இருந்தது. குச்சி மாதிரி இருக்கிற ராடைப் பிடித்துப் பற்ற வைப்பதைவிட அது வேகம். கையில் பிடிக்கிற டார்ச்சின் விசையை அழுத்தினால் அதன் வாயிலிருந்து கம்பி தானாக வந்துகொண்டே இருக்கும். உருகுகிற இரும்பின் மேல் காற்று படாமல் சிலிண்டரிலிருந்து வருகிற கேஸ் மூடிக்கொள்ளும். காற்று பட்டால் இரும்பு கெட்டுவிடும், உள்ளே குமிழி குமிழியாக ஓட்டை விழும். நான்கு சுவருக்குள் இருக்கிற வரைக்கும் அந்த மிஷின் தங்கம்.

வெளியே கொண்டுபோனால்தான் தகராறு.

வேப்பூரில் சென்னை-திருச்சி சாலை ஓரத்தில் ஒரு ஹோட்டல்காரர் வாசலுக்கு நிழற்கூரை கேட்டார். பஸ்ஸும் லாரியும் நிற்கிற இடம். சீக்கிரம் முடித்துக் கொடுக்கலாம் என்று சிலிண்டரையும் மிஷினையும் வண்டியில் ஏற்றிக்கொண்டு போனோம். ஆடி மாதம். காற்று ஒரு பக்கம் என்றால், ஒவ்வொரு லாரி போகும்போதும் ஒரு தள்ளு தள்ளிவிட்டுப் போகும். அந்தத் தள்ளில் கேஸ் எங்கே நிற்கும்? நான் போட்ட வெல்டிங் பற்றெல்லாம் ஆப்பத்தின் நடுப்பகுதி மாதிரி பொத்தல் பொத்தலாக இருந்தது. ஹோட்டல்காரர் கல்லாவிலிருந்து எழுந்து வந்து பார்த்துவிட்டு, "என்னம்மா, தேன்கூடு கட்டுறீங்களா?" என்றார்.

அவ்வளவையும் கிரைண்டர் வைத்து ராவி எடுத்துவிட்டு ராடு போட்டுத்தான் முடித்தோம். ராடு காற்றுக்குத் தாங்கும், அதன் மேல் மருந்து பூசியிருப்பதால். ஆனால் அது ஒரு முழம்கூட இருக்காது. ஏணியில் ஏறி நின்று நன்றாகப் போய்க்கொண்டிருக்கும்போது தீர்ந்துவிடும். மிச்சத் துண்டைக் கழற்றி எறிந்து, இடுப்பிலிருந்து அடுத்ததை எடுத்து மாட்டி, விட்ட இடத்தில் கசடைத் தட்டி, மறுபடி பற்ற வைக்க வேண்டும். அன்றைக்கு வீட்டுக்கு வந்து படுத்தபோது என் கழுத்தைத் திருப்ப முடியவில்லை.

அந்தச் சமயத்தில்தான் என் வீட்டுக்காரருடைய சிநேகிதர் ஒருவர் வளைகுடாவிலிருந்து லீவில் வந்திருந்தார். மங்கலம்பேட்டைக்காரர். இவரோடு பள்ளிக்கூடத்தில் ஒரே பெஞ்சு. அங்கே எண்ணெய்த் தொட்டி கட்டுகிற இடத்தில் வெல்டர். புது வீட்டுக்கு கேட் சொல்ல வந்தவர், நான் வேப்பூர் கதையைச் சொல்லச் சொல்லச் சிரித்தார்.

"நாங்க நிக்கிற எடத்துல வீசுற காத்துக்கு உங்க வேப்பூர் காத்தெல்லாம் விசிறி மாதிரி தங்கச்சி. மணலு வேற வந்து மூஞ்சில அடிக்கும். அங்க யாரு சிலிண்டரத் தூக்கிக்கினு அலையிறது?"

"அப்ப எல்லாம் ராடுதானாண்ணே?"

"இல்ல இல்ல. கம்பிதான். ஆனா கெட்டிக் கம்பி இல்ல. உள்ள கூடு. அந்தக் கூட்டுக்குள்ள மருந்து இருக்குது. சமோசாவுக்குள்ள மசால் வெச்ச மாதிரி. ராடுக்கு வெளில பூசியிருக்கிற மருந்து இதுக்கு உள்ள இருக்குது, அவ்ளோதான் வித்தியாசம். கேஸே வேணாம். ஃப்ளக்ஸ் கோர்னு கேளு, குடுப்பான். அதுலயும் கேஸ் கேக்குற ஜாதி ஒண்ணு இருக்குது, அத வாங்கிடாத. கேஸ் இல்லாததுன்னு அழுத்திச் சொல்லு."

இவர் நம்பவில்லை. "கேஸ் இல்லாம கம்பி மட்டும் வந்தா எப்படி மாப்ள நிக்கும்?"

"மாப்ள, நீ பத்த வெக்கிறியா, தங்கச்சி பத்த வெக்குதா? அது கேக்கட்டும், நீ சும்மா இரு."

எங்கள் மிஷினில் அந்தக் கம்பியும் ஓடும் என்று பார்த்துச் சொன்னார் அவர். லீவு முடிந்து அவர் கிளம்பிப் போன பிறகு நான் ஒரு சுருள் வரவழைத்தேன்.

முதல் நாள் அது என்னை அழ வைத்துவிட்டது. விசையை அழுத்தினால் கடுகு தாளிக்கிற மாதிரி பொரிந்து தள்ளியது. புகை மட்டும் மண்டியது, இரும்பு இரும்போடு ஒட்டவில்லை. பற்று மேலே மேலே உருண்டையாக உட்கார்ந்துகொண்டது. சுத்தியால் தட்டினால் உதிர்ந்தது. இவர் உதிர்ந்ததைப் பொறுக்கிப் பார்த்தார். நான் போனை எடுத்து மங்கலம்பேட்டை அண்ணனுக்கு வீடியோ கால் போட்டேன். அவர் அங்கே சாப்பாட்டு நேரத்தில் இருந்தார். கையில் ரொட்டியோடு முகம் வந்தது.

"மிஷின் மூஞ்சியக் காட்டு தங்கச்சி. ஆங்... டார்ச்ச எதுல மாட்டியிருக்க? பிளஸ்ஸுலயா? அதான். சிலிண்டர் கேஸுக்குத்தான் அது பிளஸ்ஸுல இருக்கணும். இந்தக் கம்பிக்கு மைனஸ்ஸுல மாட்டணும். கேபிள மாத்திப் போடு."

மாற்றிப் போட்டேன்.

"இப்ப கம்பியத் தள்ளுற உருளையப் பாரு. வழவழன்னு இருக்குதா? அதுல போட்டு இறுக்குனா கூடு நசுங்கிடும். பல்லு வெச்ச உருளை மிஷினோட குடுத்திருப்பான், தேடு. டார்ச்ச முன்னால தள்ளாத, உன் பக்கமா இழு. வாய இரும்புக்கு ரொம்பக் கிட்டக் கொண்டு போவாத."

பல் வைத்த உருளை ஸ்பேனர் டப்பாவின் அடியில், பிரிக்காத பிளாஸ்டிக் பையிலேயே கிடந்தது. அதைப் போட்டு மறுபடி அழுத்தியபோது வந்த சத்தத்தை என்னால் இப்போதும் சொல்ல முடியும். பொரிகிற சத்தம் போய், தோசைக்கல்லில் எண்ணெய் விட்டுத் துணியால் தேய்த்தால் வருமே, அந்த மாதிரி சீரான ஓர் இரைச்சல். கண்ணாடிக்குள் பார்த்தால் உருகிய இரும்பு இரண்டு பக்கமும் நன்றாகக் கடித்துக்கொண்டு நடந்தது. போட்டு முடித்ததும் மேலே கறுப்பாகக் கசடு மூடியிருந்தது. சுத்தியால் லேசாகத் தட்டினேன். கசடு ஓடு மாதிரி ஒரே துண்டாகக் கழன்று விழுந்தது. கீழே, சீட்டுக்கட்டைச் சரித்து வைத்த மாதிரி வரிவரியாகப் பற்று.

இவர் அந்தத் துண்டை எடுத்து வைஸ் இடுக்கியில் மாட்டி, சம்மட்டியால் அடித்தார். ஆங்கிள் இரும்பு வளைந்தது. பற்று விடவில்லை. திருப்பிப் போட்டு அடித்தார். மறுபடியும் வளைந்தது. அப்புறம் வீட்டுக்குப் போய், அங்கிருந்த டேபிள் ஃபேனைத் தூக்கிக்கொண்டு வந்தார். என் முகத்துக்கு எதிரே ஸ்டூலில் வைத்து, வேகத்தைக் கூட்டிவிட்டு, "இப்பப் போடு" என்றார்.

போட்டேன். தட்டிப் பார்த்தோம். ஒரு பொத்தல் இல்லை.

"பாத்தீங்களா?" என்றேன்.

"ஃபேன் காத்து வேற, வெளிக் காத்து வேற" என்றார். ஆனால் அன்றைக்குச் சாயங்காலம் அந்தத் துண்டைக் கையில் வைத்து உருட்டிக்கொண்டே உட்கார்ந்திருந்தார்.

வெளிக் காற்று ஐப்பசியில் வந்தது.

தொழிற்பேட்டையில் ஒரு அக்கா சின்ன செராமிக் கம்பெனி நடத்துகிறார். வருஷம் முழுக்க கரண்டு பெட்டிக்கு வைக்கிற பீங்கான் ஃப்யூஸ் செய்வார்கள். கார்த்திகை நெருங்கினால் அகல் விளக்கு. பெண்கள்தான் அங்கே வேலை செய்கிறவர்கள். அச்சில் ஊற்றி எடுத்த பச்சை விளக்கைப் பலகையில் அடுக்கிக் காய வைப்பதற்கு ஒரு நீளமான கொட்டகை உண்டு. இரும்புத் தூண், மேலே முக்கோணமாக ஆங்கிள் சட்டம், அதற்கு மேல் தகரம். களிமண் தண்ணீர் வருஷக்கணக்காகத் தெறித்துத் தெறித்து ஒரு பக்கத்துத் தூண்களின் அடி அரித்துப்போயிருந்தது.

ஒரு நாள் காலையில் வீசிய காற்றில் தகரம் தூக்கிக்கொண்டு, அந்தப் பக்கம் அப்படியே சரிந்துவிட்டது. நல்ல வேளை, எல்லோரும் டீ குடிக்க வெளியே வந்திருந்தார்கள். ஓடிப்போய் ஒரு பலகையை இழுக்கப் பார்த்த ஒருத்திக்கு மட்டும் தகரம் கையைக் கீறிவிட்டது.

அக்கா ஸ்கூட்டரில் எங்கள் பட்டறைக்கு வந்து நின்றபோது ஹெல்மெட்டைக்கூடக் கழற்றவில்லை.

"ஏம்மா, என் கொட்டா வுழுந்துடுச்சு. வெளக்கெல்லாம் சூளைக்குப் போவாம கெடக்குது. மழ பட்டா அத்தனையும் சேறு. கார்த்திகைக்கு நான் என்னம்மா பண்ணுவேன்?"

"யாருக்காச்சும் அடி பட்டுதாக்கா?"

"ஒரு பொண்ணுக்குக் கையில. ஆஸ்பத்திரிக்கு அனுப்பிட்டேன். நீ வா. உங்க வூட்டுக்காரரையும் கூட்டிக்கினு வா."

போய்ப் பார்த்தோம். சூளை அறையிலும் வராண்டாவிலும் கொள்கிற மட்டும் பலகைகளை நகர்த்தியிருந்தார்கள். கொள்ளாதவை வெட்டவெளியில். இருக்கிற தார்ப்பாய் எல்லாம் அவற்றின் மேல். காற்று தார்ப்பாயைத் தூக்கத் தூக்க, பெண்கள் ஓரங்களில் கல் வைத்து அழுத்திக்கொண்டிருந்தார்கள். வானம் கிழக்கே கறுத்திருந்தது. கரண்டும் இல்லை, எங்கோ லைன் அறுந்துவிட்டது.

இவர் சரிந்த சட்டங்களைச் சுற்றி வந்து பார்த்தார். "சட்டம் நல்லாத்தான் இருக்குது. தூண மட்டும் புதுசாப் போட்டா, இதையே தூக்கி ஒக்கார வெக்கலாம். ஆனா பட்டறைக்குக் கொண்டு போய்ச் செய்ய முடியாது. இங்கியே, இந்தக் காத்துலயே பத்த வெக்கணும்" என்றவர், பழக்கத்தில், அக்காவிடம் திரும்பி, "அந்தத் தார்ப்பாய்ல ரெண்ட எடுத்து எங்களுக்கு மறைப்பாக் கட்டணும்ங்க" என்றார்.

அக்காவின் முகம் வாடியது. தார்ப்பாயை எடுத்தால் விளக்கு திறந்து கிடக்கும்.

"மறைப்பு வேணாம்" என்றேன் நான். "தார்ப்பாய் வெளக்கு மேலயே இருக்கட்டும்."

இவர் என்னைப் பார்த்தார். "காத்து அடிக்குதும்மா."

"அடிக்கட்டும்ங்க. அந்தக் கம்பிய எடுத்தாரலாம்."

பந்தல் கடையில் சொல்லி ஜெனரேட்டர் வாடகைக்கு எடுத்தோம். சிலிண்டர் தூக்குகிற வேலை இல்லாததால் மிஷின், கம்பிச் சுருள், கிரைண்டர், புதுத் தூணுக்கான இரும்பு எல்லாம் ஒரே நடையில் குட்டி யானை வண்டியில் வந்துவிட்டது. இவர் தூணை நிறுத்தி, மட்டம் பார்த்துப் பிடித்தார். நான் தரையில் பதித்திருந்த அடித்தகட்டோடு சேர்த்துப் பற்ற வைத்தேன். துப்பட்டாவை இறுக்கி முடிந்து, அதற்கு மேல் அவருடைய பழைய ஜீன்ஸ் சட்டை, அதற்கும் மேல் தோல் ஏப்ரன். பலகை தூக்கிக்கொண்டிருந்த பெண்கள் நின்று நின்று பார்த்தார்கள். ஒருத்தி, "வெளிச்சத்தப் பாக்காதீங்கடி, கண்ணு போயிடும்" என்று மற்றவர்களை விரட்டிவிட்டு, தான் மட்டும் விரல் இடுக்கு வழியாகப் பார்த்தாள். நான் கூப்பிட்டு, உபரியாக இருந்த கண்ணாடியைக் கொடுத்தேன்.

முதல் தூண் முடிந்ததும் இவர் கசடைத் தட்டிப் பார்த்தார். குனிந்து, மூக்கு படுகிற மாதிரி பார்த்தார். காற்று என் சட்டையைப் படபடவென்று அடித்துக்கொண்டிருந்தது. பற்று, பட்டறைக்குள் போட்ட மாதிரியே இருந்தது.

"ம்" என்றார். அவர் வாயிலிருந்து அது பெரிய பாராட்டு.

எல்லாமே சுலபமாக நடந்தது என்று சொன்னால் பொய். அந்தக் கம்பிக்குப் புகை அதிகம். காற்று எந்தப் பக்கம் வீசுகிறது என்று பார்த்து, புகை நம்மை விட்டுப் போகிற மாதிரி நின்றுகொள்ள வேண்டும். மாஸ்க் போடாமல் ஒரு தூண் போட்டுப் பார்த்தேன், தலை கனத்துவிட்டது. அப்புறம் மாஸ்க் இல்லாமல் அதைத் தொடுவதே இல்லை. பொறியும் நிறையத் தெறிக்கும். தகரம் பிடிக்கிற குறுக்குச் சட்டம் மெல்லிசான சதுரக் குழாய், பாக்ஸ் பைப். அதில் வைத்ததும் சட்டென்று ஓட்டை விழுந்துவிட்டது. இந்தக் கம்பிக்கு ஆழமாகக் கடிக்கத்தான் தெரியும், மெல்லிசு அதற்கு ஆகாது. மெல்லிசானதையெல்லாம் போல்ட் போட்டுக்கொள்ளலாம் என்று விட்டுவிட்டோம். ஆனால் கனமான இரும்பில், துருவை பிரஷ் வைத்துத் தேய்த்துவிட்டால் போதும், மிச்சம் மீதி துருவுக்கெல்லாம் அது முகம் சுளிக்கவில்லை. பழைய சட்டத்தைத் திரும்ப உபயோகிக்க முடிந்ததே அதனால்தான்.

மதியத்துக்கு மேல் சட்டங்களைத் தூக்க ஆரம்பித்தோம். சங்கிலியில் தூக்குகிற செயின் பிளாக் கட்டி ஒவ்வொன்றாக ஏற்றி, தூண் தலையில் உட்கார வைத்து, இரண்டு பக்கமும் தற்காலிகமாகப் புள்ளி அளவுக்குப் பற்று வைத்து, பிறகு முழுதாகப் பற்ற வைக்க வேண்டும். முதலாவது பிரச்சினை இல்லாமல் உட்கார்ந்தது. இரண்டாவதைத் தூக்கி, என் பக்கத்தில் ஒரு புள்ளிதான் வைத்திருந்தேன். இவர் எதிர்ப்பக்கத்து ஏணியில் கயிற்றைத் தோளில் சுற்றிக்கொண்டு சட்டத்தை இழுத்துப் பிடித்திருந்தார். அப்போது வந்தது ஒரு காற்று. மண்ணும் சருகும் தூக்கிக்கொண்டு வந்தது. சட்டம் ஆடியது. நான் வைத்த புள்ளி கிறீச்சென்று ஒரு சத்தம் போட்டது.

கீழே அக்கா, "எறங்கிடுங்க! ரெண்டு பேரும் எறங்கிடுங்க!" என்று கத்தினார்.

இறங்கினால் சட்டம் அவர் மேல்தான் சரியும். அவர் கயிற்றை விட முடியாது. நான் டார்ச்சை விடக் கூடாது.

"உடாத!" என்றார் இவர். "நிறுத்தாமப் போடு!"

கண்ணாடியை இறக்கிக்கொண்டு விசையை அழுத்தினேன். சட்டத்தின் கால் தூண் தலையில் உட்கார்ந்திருக்கிற இடம் முழுவதும் ஒரே இழுப்பு. கம்பி வந்துகொண்டே இருந்தது. ஏணி என் காலுக்குக் கீழே நடுங்குவது தெரிந்தது. நடுவில் ஒரு மூலை திரும்ப வேண்டும், கையைத்தான் திருப்பினேன், விரலை எடுக்கவில்லை. ராடாக இருந்திருந்தால் அந்த மூலைக்கு முன்பே தீர்ந்திருக்கும். துண்டைக் கழற்றி அடுத்ததை மாட்டுகிற நேரத்துக்குள் என்ன ஆகியிருக்கும் என்று நினைக்கவே எனக்குப் பிடிக்கவில்லை. சிலிண்டர் மிஷினாக இருந்திருந்தால் அந்தக் காற்றில் நான் போட்டதெல்லாம் வெறும் பொத்தல்.

கடைசி வரைக்கும் போட்டு, விரலை எடுத்து, கண்ணாடியைத் தூக்கினேன். சட்டம் ஆடவில்லை. காற்று இன்னும் அடித்துக்கொண்டுதான் இருந்தது. தூணும் சட்டமும் ஒன்றாகச் சேர்ந்து, காற்றை வாங்கிக்கொண்டு நின்றன.

"புடிச்சிக்கிச்சாம்மா?" என்றார் எதிர்ப்பக்கத்திலிருந்து.

"புடிச்சிக்கிச்சுங்க. கயித்த மெதுவாத் தளத்துங்க."

தளர்த்தினார். சட்டம் அப்படியே இருந்தது. டார்ச்சையும் மிஷினையும் பெண்கள் ஆளுக்கொரு கையாக நகர்த்திக் கொடுக்க, அந்தப் பக்கத்து ஏணியில் ஏறி அதையும் முடித்தேன். அவர் தோளில் கயிறு அழுத்திய இடம் சிவந்து கன்றியிருந்தது. அக்கா ஒரு சொம்பில் தண்ணீர் கொண்டுவந்து கொடுத்தார். குடித்தது பாதி, சட்டையில் கொட்டியது பாதி.

மூன்றாவது சட்டத்தைக் காற்று கொஞ்சம் அடங்கிய பிறகுதான் தூக்கினோம். அதற்குள் புத்தி வந்திருந்தது. இரண்டு பக்கமும் கயிறு கட்டி, பெண்கள் நாலு பேர் கீழே நின்று பிடித்துக்கொண்டார்கள். குறுக்குச் சட்டத்தைப் போல்ட்டில் முடுக்கி, இவர் தகரத்தைப் பாதி வேய்ந்திருந்தபோது மழை பிடித்துக்கொண்டது.

மிஷினுக்கு மேல் ஒரு பிளாஸ்டிக் தொட்டியைக் கவிழ்த்துவிட்டு நானும் பெண்களோடு ஓடினேன். வெட்டவெளியில் இருந்த பலகைகளை ஒவ்வொன்றாகத் தலைக்கு மேல் தூக்கி, வேய்ந்த பாதிக்குக் கீழே கொண்டுவந்தோம். பச்சை விளக்கு முட்டை மாதிரி. தட்டினால் உடையும், சொட்டு பட்டால் கரையும். வரிசையாக நின்று கைமாற்றிக் கைமாற்றிக் கொடுத்தார்கள். தகரத்தில் மழை விழுகிற சத்தம்தான் காதைப் பிளந்தது.

எல்லாவற்றையும் காப்பாற்றிவிட்டோம் என்று சொல்ல மாட்டேன். கடைசியாக வந்த பலகைகளில் இருந்தவை பிசைந்த மாவு மாதிரி ஆகிவிட்டன. அக்கா அவற்றை வழித்துத் தொட்டியில் போட்டு, "மறுபடி ஊத்திக்கலாம்" என்றார். மீதி அத்தனையும் காய்ந்து, சூளைக்குப் போய், கார்த்திகைக்கு முன்பாகவே லாரி ஏறின. நடுவில் சில பலகைகளில் இருந்த விளக்குகளில் தூறல் பட்டு, அம்மைத் தழும்பு மாதிரி சின்னச் சின்னக் குழிகள் விழுந்திருந்தன. அவற்றைத் தனியாக எடுத்துவைத்து வேலை செய்கிற பெண்களுக்கே கொடுத்துவிட்டார் அக்கா. எனக்கும் ஒரு பை வந்தது.

கொட்டகையின் மிச்சத் தகரத்தை மழை விட்ட மறுநாள் போட்டோம். நான் ஒவ்வொரு தூணாகப் போய்ப் பற்றைத் தட்டி, தடவிப் பார்த்து, துருப்பிடிக்காமல் இருக்க ரெட் ஆக்சைடு பெயின்ட் அடித்தேன். அந்த இரண்டாவது சட்டத்தின் மூலையை மட்டும் கொஞ்ச நேரம் பார்த்துக்கொண்டிருந்தேன். அவசரத்தில் போட்டதால் வரி கொஞ்சம் அகலமாக, ஒழுங்கில்லாமல் இருந்தது. அழகில்லை. ஆனால் உறுதி. மங்கலம்பேட்டை அண்ணனுக்கு போட்டோ எடுத்து அனுப்பினேன். "மூலைல கை நடுங்கியிருக்குது" என்று பதில் போட்டார். அடுத்த செய்தியில், "ஆனா நிறுத்தல. சபாஷ்" என்று வந்தது.

இவர் அன்றைக்கு அக்காவிடம் கூலிக் கணக்கு பேசும்போது, யாரும் கேட்காமலே, "காத்துல போட்ட பத்துங்க இது. மறைப்புகூடக் கட்டல" என்று சொன்னார். பிறகு டீக்கடையிலும் சொன்னார். பந்தல் கடையில் ஜெனரேட்டரைத் திருப்பிக் கொடுக்கும்போதும் சொன்னார். ஃபேனைத் தூக்கிக்கொண்டு வந்த மனுஷன்.

இப்போது வெளி வேலை என்றால் நாங்கள் யோசிப்பதே இல்லை. பட்டறைக்குள் மெல்லிசான அடுக்கு, மேசை எல்லாம் சிலிண்டர் மிஷினில்தான், அதன் அழகு அதற்கு. எட்டாத சந்து பொந்தில் ராடு. வெட்டவெளி, கனமான இரும்பு, காற்று என்றால் கூடு கம்பி. மூன்றும் வேண்டும், ஆனால் மூன்றில் எனக்குப் பிரியம் எதன் மேல் என்று கேட்டால் தயங்க மாட்டேன்.

போன வாரம் எங்கள் மாவட்டத்திலேயே இருக்கிற மங்களூர் பக்கம் ஒரு விவசாயி மக்காச்சோளம் காய வைக்கிற களத்துக்குக் கூரை வேண்டும் என்று கூப்பிட்டார். கண்ணுக்கு எட்டிய தூரம் வரை மரம் இல்லை, மறைப்பு இல்லை, கரண்டு கம்பம்கூடத் தள்ளித்தான் இருந்தது. வண்டியை விட்டு இறங்கியதும் காற்று என் துப்பட்டாவைப் பிடுங்கியது. அந்த விவசாயி தயக்கத்தோடு, "இங்க எப்பவும் காத்து ஜாஸ்திங்க. காத்து நின்னதும் வேல பாக்குறீங்களா?" என்று இவரைக் கேட்டார்.

இவர் ஜெனரேட்டரை இறக்கிக்கொண்டே, "அத அங்க கேளுங்க" என்று என் பக்கம் கையைக் காட்டினார்.

"இப்பவே பாக்கலாம்ங்க" என்று நான் மாஸ்க்கை மாட்டினேன். காற்று மேற்கிலிருந்து வந்தது. புகை வயல் பக்கமாகப் போகிற மாதிரி பார்த்து நின்றுகொண்டு, முதல் தூணுக்குக் குனிந்தேன்.